நாலு பேர் போதும் சார்

"ஒரே ஒருத்தன வச்சிக்கிட்டு அத ஸ்டாஃப்னு எப்படி சார் சொல்றது?" என்று கேட்டான் செந்தமிழ்செல்வன்.

முதல்வர் சத்யநாராயணன் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். கரண்ட் போய் அரை மணி நேரமாகியிருந்தது. கல்லூரி ஜெனரேட்டர் அவர் அறை ஜன்னலை ஒட்டித்தான் இருந்தது. அது ஓடுகிறபோது அந்த அறையில் யாரும் பேச மாட்டார்கள், கத்துவார்கள்.

"ஸ்டாஃப்னு சொல்ல எத்தன பேரு வேணும்?"

"கொறஞ்சது நாலு பேரு சார்."

"அப்ப நாலு பேர ரெடி பண்ணுங்க. வெள்ளிக்கெழம வராங்க. இன்னைக்கு திங்கள்தான ஆவுது?"

சற்று முன்புதான், அந்த இரைச்சலுக்கு நடுவில் முதல்வருக்குச் சிதம்பரத்திலிருந்து போன் வந்திருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு வருகிறதாம். பிட்சிங் ஸ்டாஃப் எப்படி, பட்டியலில் எத்தனை பேர், வருஷத்துக்கு எத்தனை பேர் விட்டுப் போகிறார்கள் என்று நேரில் பார்த்து மதிப்பிடப் போகிறார்களாம். முதல்வருக்குத் தலைகால் புரியவில்லை. கல்லூரிகளுக்கு இடையிலான அடுத்த பேஸ்பால் போட்டியைக் கடலூரில், தன் கல்லூரி மைதானத்தில் நடத்த வேண்டும் என்று இரண்டு மாதத்துக்கு முன்னால் எழுதிப் போட்டவர் அவர். அதற்குத்தான் இவ்வளவு சீக்கிரம் பலன் வந்திருக்கிறது என்று அவருக்குப் பட்டது.

"இது மட்டும் நல்லபடியா முடியட்டும். உங்கள பர்மனென்ட் பண்ணச் சொல்லி மேனேஜ்மென்ட் கமிட்டில நானே எழுந்து நின்னு பேசுறேன்" என்றார்.

செந்தமிழ்செல்வன் அங்கேயே விரல் விட்டு ஆள் எண்ண ஆரம்பித்தான்.

உண்மையில் அவன் வணிகவியல் விரிவுரையாளன். பேஸ்பாலுக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. உடற்கல்வி இயக்குநராக இருந்த திருநாவுக்கரசு வேலையை விட்டுவிட்டுப் புதுச்சேரிக்குப் போனபோது விளையாட்டு அறைச் சாவியை யாரிடமாவது கொடுக்க வேண்டியிருந்தது. ஆறு வருஷமாகத் தற்காலிகப் பணியிலேயே இருக்கிற ஆள் முடியாது என்று சொல்ல மாட்டான் என்று அவனிடம் கொடுத்தார்கள். பந்தை எறிகிறவனுக்குப் பிட்சர் என்று பெயர், ஓர் அணியில் உள்ள பிட்சர்களை எல்லாம் சேர்த்துப் பிட்சிங் ஸ்டாஃப் என்பார்கள் என்று சாவியோடு சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனவர் திருநாவுக்கரசு.

போன வருஷம் ஏழு பிட்சர்கள் இருந்தார்கள். ஐந்து பேர் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள். ஆறாவது ஆளைப் புதுச்சேரிக் கல்லூரி ஒன்று புது ஷூவைக் காட்டி இழுத்துக்கொண்டது. மிச்சம் இருந்தவன் தில்லைநாதன் ஒருவன்தான்.

ஆனால் அந்த ஒருவன்!

சாவி கைக்கு வந்த முதல் நாள் மாலை, ஒப்புக்கு மைதானத்துக்குப் போய் ஓரமாக நின்றான் செந்தமிழ்செல்வன். நடுவில் இருந்த சின்ன மண்மேட்டில் தில்லைநாதன் ஏறி நின்றான். ஒல்லிப் பையன். சட்டை கொடியில் காயப்போட்டது போல அவன் மேல் தொங்கியது. அறுபதடி தள்ளி, பந்து பிடிக்கிற அந்தோணிசாமி உட்கார்ந்திருந்தான். தில்லைநாதன் இடது காலைத் தூக்கினான். உடம்பு ஒரு தரம் சுருண்டு விரிந்தது. கையில் இருந்த பந்தைக் காணோம். அந்தோணிசாமியின் க்ளவுஸுக்குள் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். மதில் ஓரத்துத் தென்னை மரத்தில் இருந்த காக்கைகள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

நடுவில் பந்து எந்த வழியாகப் போனது என்று செந்தமிழ்செல்வன் காற்றில் தேடிக்கொண்டிருந்தான்.

இவன் தன் வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்குகிற பையன்தானா? பற்று எது, வரவு எது என்று மூன்று வருஷமாகச் சொல்லத் தெரியாதவன்தானா? வீட்டுக்குப் போய் மனைவி வினோதினியிடம் அதைச் சொல்ல முயன்றான். "ஒரு பையன் வேகமா எறியறான்" என்றுதான் வந்தது. மறுநாளிலிருந்து, யாரும் சொல்லாமலே தினமும் மைதானத்துக்குப் போனான்.

இப்போது அவனுக்கு இன்னும் மூன்று பேர் வேண்டும்.

முதலில் கிரிக்கெட் அணியிலிருந்து கலியமூர்த்தியைப் பிடித்துக்கொண்டு வந்தான். வேகப் பந்து வீச்சாளன். நிறையத் தூரம் பின்னால் போய், ஓடி வந்து, பந்தைத் தரையில் குத்திப் போட்டான். அது எழும்பி, அந்தோணிசாமியின் முகக் கவசத்தில் மோதித் தெறித்தது.

"தரையில குத்தக் கூடாதுடா. நேரா எறியணும்."

"ஃபுல் டாஸா சார்? அடிச்சிடுவானே!"

"ஓடியும் வரக் கூடாது."

"ஓடவும் கூடாது, குத்தவும் கூடாதுன்னா அப்புறம் நான் எதுக்கு சார்?"

அடுத்தது ஈட்டி எறிகிற சாய்நாத். தோள் ஒவ்வொன்றும் பூசணிக்காய் மாதிரி இருந்தது. 'இவன்தான் ஆளு' என்று செந்தமிழ்செல்வன் நினைத்தான். சாய்நாத் வானத்தைப் பார்த்தான், மூச்சை இழுத்தான், எறிந்தான். பந்து அந்தோணிசாமிக்கு மேலே, மதிலுக்கு மேலே, மதிலுக்கு வெளியே நின்ற வேப்ப மரத்துக்கும் மேலே போனது. சாலையில் பண்ருட்டிப் பலாப்பழம் ஏற்றிய லாரி ஒன்று புதுச்சேரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பந்து அதற்குள் போய் விழுந்தது.

"தொரத்திப் புடிக்கட்டுமா சார்?"

"அவ்ளோ பலாப்பழத்துக்கு நடுவுல எதடா தேடுவ?"

நாலாவது ஆளாக அந்தோணிசாமியையே மேட்டில் ஏற்றினான். நன்றாகத்தான் எறிந்தான். ஆனால் பிடிக்க ஆள் இல்லை. இருந்தாலும் கணக்குக்கு நாலு பேர் ஆகிவிட்டது.

கற்றுக்கொடுக்க வேண்டுமே. செந்தமிழ்செல்வனுக்குத் தெரியாது. அதனால் செவ்வாய்க்கிழமை முழுவதும் தில்லைநாதன்தான் மேட்டில் நின்று, "இப்படி, இப்படி" என்று மூன்று பேருக்கும் எறிந்து எறிந்து காட்டினான். புதன்கிழமை காலை அவனுக்குக் கையைத் தூக்க முடியவில்லை. பல் தேய்க்கவே இடது கையைத்தான் பயன்படுத்தியதாகச் சொன்னான்.

செந்தமிழ்செல்வன் பதறிப்போய்த் திருநாவுக்கரசுக்குப் போன் போட்டான்.

"யோவ், கைய ஒடிச்சிடாதய்யா! பந்தத் தொடவே வுடாத. வூட்டுக்கு அனுப்பி ரெஸ்ட் எடுக்கச் சொல்லு" என்றார் அவர்.

தில்லைநாதனுக்குச் சிதம்பரம். அனுப்பி வைத்தான். வியாழக்கிழமை காலையில் வந்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினான். வியாழக்கிழமை காலையில் தில்லைநாதன் வரவில்லை. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

செந்தமிழ்செல்வன் பஸ் ஏறினான். செம்மங்குப்பம் ஸ்டாப்பில் தொழிற்சாலை ஷிஃப்ட் முடிந்து ஏறிய கூட்டம் அவனை டிரைவர் சீட்டு வரை தள்ளிக்கொண்டு போனது. நாளை மேட்டில் தில்லைநாதன் இல்லாவிட்டால், தரையில் குத்துகிறவனும் லாரியில் போடுகிறவனும்தான் கல்லூரியின் மானத்தைக் காப்பாற்ற வேண்டும். சிதம்பரம் வரை அதையே நினைத்து வேர்த்தான்.

கீழ வீதியிலிருந்து பிரிகிற சந்தில், வீட்டு முன்னறையிலேயே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார் தில்லைநாதனின் அம்மா லலிதாம்பாள். மெஷினிலிருந்து சூடாக வந்த தாளை அடுக்கிக்கொண்டே அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான் அந்தப் பந்து சாரா?"

"இல்லம்மா, நான் காமர்ஸ் சாரு."

"காமர்ஸ் சாரா இருந்துக்கிட்டா எம்புள்ளைக்குப் பதினோரு அரியர் வாங்கிக் குடுத்திருக்கீங்க?"

உள்ளறைக் கதவிடுக்கில் தில்லைநாதனின் முகம் தெரிந்து மறைந்தது.

"போன நான்தான் புடுங்கி வச்சிருக்கேன். பரீச்ச வருது. படிக்கட்டும். பந்து சோறு போடுமா?"

"போடுமான்னு எனக்குத் தெரியலம்மா" என்றான் செந்தமிழ்செல்வன். பொய் சொல்ல வரவில்லை. "அவன் எறிஞ்சி நீங்க பாத்திருக்கீங்களா?"

"ஜன்னல் கண்ணாடி ஒடஞ்சி பாத்திருக்கேன்."

"நான் கணக்கு நடத்துறவம்மா. எதப் பாத்தாலும் எனக்குக் கூட்டிக் கழிச்சிதான் பாக்கத் தெரியும். இவன் எறியறது மட்டும் எந்தக் கணக்குலயும் வர மாட்டேங்குது. ஒவ்வொரு தடவையும் ஒடம்பு சிலுத்துக்குது. கோயில்ல தேர் மொத மொத அசையும் பாருங்க, அப்ப எல்லாரும் ஒரு சத்தம் போடுவாங்கல்ல? அந்தச் சத்தம் எனக்குத் தொண்ட வரைக்கும் வருது. வாத்தியாருன்னு அடக்கிக்கிறேன்."

மெஷின் தாளைத் துப்பிக்கொண்டே இருந்தது. லலிதாம்பாள் அதை நிறுத்த மறந்து நின்றார். யார் பிள்ளையைப் பற்றியோ சொல்கிறார் என்பது போல உள்ளறைப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"கூட்டிட்டுப் போங்க. ஆனா பரீச்ச முடியிற வரைக்கும் ஒங்க வூட்டுலதான் இருக்கணும். ஒக்கார வச்சி சொல்லிக் குடுக்கணும். ஓடிடுவான், கதவச் சாத்தி வையுங்க."

சரி என்று சொல்லிவிட்டான். வேறு வழி?

பஸ் கடலூருக்குள் நுழையும்போதுதான் வினோதினியின் ஞாபகம் வந்தது.

"எத்தன நாளைக்கு?" என்று கேட்டாள் வினோதினி. தில்லைநாதன் பையை மார்போடு கட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

"அரியர் முடியிற வரைக்கும்."

"எத்தன அரியர்?"

"பதினொண்ணு."

"அப்ப கல்யாணமும் நாமதான் பண்ணி வைக்கணும்."

ஆனால் அவள் கோபம் அரை மணி நேரம்தான் நின்றது. காபி குடித்துவிட்டு, கை தேறிவிட்டதா என்று பார்க்கப் பையன் கொல்லைப்பக்கம் போனான். முருங்கை மரத்தின் உச்சியில், துரட்டிக்கு எட்டாமல் ஒரு காய் தொங்கிக்கொண்டிருந்தது.

"அது வேணுமாக்கா?" என்றான்.

"வேணுந்தான். யாரு ஏறுறது?"

அவன் கூடையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்தான். காலைத் தூக்கினான். எலுமிச்சம்பழம் போனதை யாரும் பார்க்கவில்லை. காம்பு அறுந்து முருங்கைக்காய் நேராக வினோதினியின் காலடியில் விழுந்தது. பக்கத்தில் இருந்த இலைகூட அசையவில்லை.

வினோதினி காயைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள். செந்தமிழ்செல்வனிடம் திரும்பி, "நீங்க சொன்னது கொஞ்சங்க" என்றாள். குரல் தணிந்திருந்தது.

அதற்குள் பக்கத்து வீட்டு மதில் மேல் இரண்டு தலைகள் முளைத்தன. "எங்க மரத்துலயும் ஒண்ணு இருக்குப்பா" என்றது ஒரு தலை. இன்னொரு பழம் பறந்தது. காய் விழுந்தது. கூடவே, மதிலை ஒட்டி அந்த வீட்டு மொட்டைமாடியிலிருந்து இறங்கிய தண்ணீர்க் குழாயும் உடைந்தது. தொட்டித் தண்ணீர் முழுவதும் மதிலைத் தாண்டி வினோதினியின் தலையில் கொட்டியது.

செந்தமிழ்செல்வன் கண்ணை மூடிக்கொண்டான்.

"இன்னொண்ணு எறி தம்பி" என்றாள் வினோதினி, முகத்தை வழித்துக்கொண்டே. "இந்தத் தடவ கண்ணு சிமிட்டாம பாக்குறேன்."

வெள்ளிக்கிழமை காலையில் கல்லூரி அமைதியாக இருந்தது. மாணவர்களுக்கு முதல்வர் விடுமுறை விட்டுவிட்டார். "பசங்க இருந்தா விசிலடிப்பானுங்க. டிசிப்ளினுக்கு மார்க்கு போயிடும்" என்பது அவர் கணக்கு. அப்புறம்தான் பந்து பொறுக்க ஆள் இல்லை என்று தெரிந்தது. இருந்ததே இரண்டு பந்து. ஒன்று தொலைந்தாலும் கதை முடிந்தது. ஆகவே முதல்வர் துறைக்கு இரண்டு பேராக ஆசிரியர்களை மைதானத்தைச் சுற்றி நிற்க வைத்தார். எல்லோருக்கும் நீலத் தொப்பி. தமிழ்த்துறைத் தலைவர் மாலதிக்குக் கொண்டை மேல் தொப்பி நிற்கவில்லை. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே எல்லைக் கோட்டில் நின்றார். பகுதி நேர ஆய்வு மாணவர்கள் யாராவது வந்து பார்த்துவிடப் போகிறார்கள் என்று அவருக்குக் கவலை.

"ஒண்ணு ஞாபகம் வச்சிக்குங்க" என்று செந்தமிழ்செல்வனின் காதில் கத்தினார் முதல்வர். மறுபடியும் கரண்ட் போயிருந்தது. "வந்தவங்க முன்னாடி அவன், இவன், பசங்கன்னு பேசக் கூடாது. அவுங்க ஸ்டாஃப். மரியாதையா 'அவரு'ன்னு சொல்லுங்க. நான் பேச மாட்டேன். எனக்குப் பந்து வெவரம் பத்தாது. நீங்களே எல்லாம் சொல்லிடுங்க. ஒண்ணையும் மறைக்காதீங்க. உண்மையச் சொன்னா மதிப்பு ஜாஸ்தி."

பத்து மணிக்குக் கார் வந்தது. மூன்று பேர் குழு. ஒருவருக்கு உடம்பு சரியில்லை. குழுத் தலைவர் டாக்டர் சபாநாயகமும், கோப்புகளைத் தூக்கிக்கொண்டு உதவியாளர் ரேகாவும் இறங்கினார்கள். சபாநாயகத்துக்கு அறுபது வயது இருக்கும். நெற்றி நிறையத் திருநீறு. எதையும் நம்பாத கண்.

"மொதல்ல கிரவுண்டுக்குப் போயிடலாம் சார்" என்றான் செந்தமிழ்செல்வன்.

"கிரவுண்டுக்கா? சரி, ஏற்பாடு பண்ணிட்டீங்க. ஒரு பத்து நிமிஷம்" என்றார் அவர், கடிகாரத்தைப் பார்த்து.

சாமியானாவுக்கு அடியில் நாற்காலி. முதலில் கலியமூர்த்தி. பழக்க தோஷத்தில் நாலடி ஓடிவிட்டான். பந்து சாமியானாக் கம்பத்தில் பட்டது. ரேகா கோப்பைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். அடுத்து சாய்நாத். பந்து மேலே போய், நெடுநேரம் மேலேயே இருந்து, ஆங்கிலத் துறைப் பக்கம் இறங்கியது. இரண்டு பேராசிரியர்கள் மோதிக்கொண்டு விழுந்தார்கள். சபாநாயகம் மீண்டும் கடிகாரத்தைப் பார்த்தார்.

தில்லைநாதன் மேட்டில் ஏறினான்.

காலைத் தூக்கினான். உடம்பு சுருண்டு விரிந்தது. வெடித்தது சத்தம். மட்டை பிடித்து நின்ற கலியமூர்த்தி, மட்டையை அசைக்கவே இல்லை. பந்து எறியப்பட்டுவிட்டதா என்று அந்தோணிசாமியைத் திரும்பிப் பார்த்தான்.

சபாநாயகத்தின் கையில் இருந்த டீ கிளாஸ் உதட்டுக்குப் போகாமல் பாதியில் நின்றது.

"பந்து எங்கம்மா?" என்று ரேகாவிடம் கேட்டார்.

"புடிச்சிட்டாரு சார்."

"எப்ப?"

இரண்டாவது பந்து கண்ணுக்குத் தெரிந்தது. மெதுவாகத்தான் வந்தது. கலியமூர்த்தி ஆசையோடு மட்டையை வீசினான். அந்த நேரம் பார்த்து, பந்து நடு வழியில் ஏதோ நினைத்துக்கொண்டது போல ஒதுங்கி, தெரு முனையில் ஆள் திரும்புவது போலத் திரும்பி, கீழே இறங்கி, க்ளவுஸுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வீசிய வேகத்தில் கலியமூர்த்தி தன்னையே சுற்றி மண்ணில் உட்கார்ந்தான்.

மைதானத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஜெனரேட்டர்கூட அப்போது பார்த்து நின்றுவிட்டிருந்தது. சபாநாயகம் எழுந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார். பத்து நிமிஷம் என்றவர் முக்கால் மணி நேரம் நின்றே பார்த்தார். ஒவ்வொரு பந்துக்கும் அவர் வாயிலிருந்து, "சிவ சிவா" என்று தானாக வந்தது. எல்லைக் கோட்டில் மாலதி தொப்பியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார். பதினெட்டு வருஷமாக அந்த மைதானத்தைத் தாண்டித்தான் அவர் வகுப்புக்குப் போகிறார். இப்படி ஒன்று அங்கே நடக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

செந்தமிழ்செல்வனுக்கு அந்தத் தேர்ச் சத்தம் தொண்டை வரை வந்தது. இந்தத் தடவை அடக்கவில்லை. "ஓ!" என்று கத்திவிட்டான்.

முதல்வர் அறைக்கு வந்து உட்கார்ந்ததும் சபாநாயகம் கண்ணாடியை இன்னொரு தரம் துடைத்துக்கொண்டார்.

"கண்ணுக்கு விருந்து. ஒங்க ஊரு வரவேற்ப மறக்க மாட்டேன்" என்றார். பிறகு பேனாவைத் திறந்தார். "சரி, ஸ்டாஃப் விஷயத்துக்கு வருவோம். மொத்தம் எத்தன பேரு?"

முதல்வர் செந்தமிழ்செல்வனைப் பார்த்துத் தலையசைத்தார்.

"போன வருஷம் ஏழு பேரு சார். இப்ப நாலு."

"காலேஜ் முழுசுக்கும் நாலு பேரா?"

"நாலு பேர் போதும் சார். சொல்லப் போனா நல்ல ஆளு ஒருத்தரே போதும். மத்த மூணு பேரு அவருக்கு அசதியா இருந்தா மாத்தி வுடுறதுக்குத்தான்."

"கிரவுண்டுல தொப்பி போட்டுக்கிட்டு நெறைய பேரு நின்னாங்களே?"

"அவுங்க சும்மா பந்து பொறுக்குறவங்க சார். அவுங்கள கணக்குல சேக்காதீங்க."

சபாநாயகம் எழுதினார். "போனவங்க ஏன் போனாங்க?"

"மூணு வருஷம் ஆயிடுச்சி சார். அதுக்கு மேல யாரையும் வச்சிக்க முடியாதே. ஒருத்தர மட்டும் புதுச்சேரி காலேஜ்காரங்க இழுத்துக்கிட்டாங்க."

"ஜாஸ்தி குடுத்தாங்களா?"

"ஒரு ஜோடி ஷூ குடுத்தாங்க."

பேனா நின்றது. "ஷூவுக்காகப் போயிட்டாரா? நீங்க என்ன குடுக்குறீங்க?"

"தினம் ரெண்டு முட்ட, ஒரு வாழப்பழம். ஜெயிச்சா பிரியாணி."

"வேற?"

"வேற அவுங்க கேக்கவே மாட்டாங்க சார்."

சபாநாயகம் முதல்வரைப் பார்த்தார். முதல்வர் பெருமையோடு தலையாட்டினார். ரேகா வேகமாக எழுதிக்கொண்டிருந்தார்.

"தகுதி?"

"நாலு பேருமே ப்ளஸ் டூ பாஸ் சார்."

"ப்ளஸ் டூ!"

"ரொம்ப நல்லவருன்னா அதுல ஒருத்தருதான். அவருக்குப் பதினோரு அரியர் இருக்கு. மறைக்க விரும்பல. ஆனா அவரு வந்து நின்னாருன்னா எதிர்ல இருக்கறவன் நடுங்கிடுவான். ஓடிடக் கூடாதுன்னு எங்க வீட்டுலயே கதவச் சாத்தி வச்சிருக்கேன். அவுங்க அம்மாகிட்ட பர்மிஷன் வாங்கிட்டேன்."

"மத்தவங்க?"

"ஒருத்தரு கிரிக்கெட் ஆடிக்கிட்டிருந்தவரு. இன்னொருத்தரு ஈட்டி எறிஞ்சிக்கிட்டிருந்தவரு. நாலே நாள்ல தயார் பண்ணிட்டோம்."

"நாலு நாள்ல" என்று சபாநாயகம் மெல்லத் திருப்பிச் சொன்னார். "வேல நேரம்?"

"காலைல அஞ்சரைக்கு ஆரம்பிச்சிடுவோம். ஞாயித்துக்கெழமதான் ஜாஸ்தி."

"தப்பு பண்ணாங்கன்னா?"

"பத்து ரவுண்டு ஓட வுடுவோம்."

"ஓடுறாங்களா?"

"நானே போயி எண்ணுவேன்" என்றார் முதல்வர். அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த விவரம்.

"நான் அவுங்கள பாக்க முடியுமா?"

"இப்பதான் சார் கைக்கு ஐஸ் வச்சி நாலு பேரையும் படுக்க வச்சிட்டு வந்தேன். தூங்கிருப்பாங்க."

சபாநாயகம் பேனாவை மூடினார். நெடுநேரம் செந்தமிழ்செல்வனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த எதையும் நம்பாத கண்ணில் இப்போது வேறு ஏதோ ஒன்று நிறைந்து நின்றது.

"முப்பது வருஷமா காலேஜ் காலேஜா போய்க்கிட்டிருக்கேன்" என்றார். "எங்க போனாலும் இல்லாதத இருக்குன்னு காட்டுவாங்க. இருக்கறத இப்படி ஒண்ணு விடாம, சிரிச்ச மொகத்தோட எடுத்துச் சொன்ன மனுஷன நான் பாத்ததே இல்ல." எழுந்து, இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

அவர் தலை மறைந்ததும் முதல்வர் செந்தமிழ்செல்வனைக் கட்டிக்கொண்டார். "பாத்தீங்களா, மனுஷன் பிரமிச்சிப் போயிட்டாரு! போட்டி நமக்குத்தான். ஒங்க வேலையும் பர்மனென்ட்தான்!"

செந்தமிழ்செல்வனுக்குக் கண் கலங்கியது. போய் முதலில் தில்லைநாதனை எழுப்பிச் சொல்ல வேண்டும், பிறகு சிதம்பரத்துக்குப் போன் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினான்.

கார் வரை போன ரேகா, கோப்பை விரித்துப் பிடித்தபடியே திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"முட்ட, வாழப்பழம் எல்லாம் எழுதிட்டேன் சார்" என்றார் மூச்சு வாங்க. "ஒங்க டீச்சிங் ஸ்டாஃப் நாலு பேரும் கிளாஸ்ல எந்தெந்த சப்ஜெக்ட் நடத்துறாங்கன்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா நாங்க கெளம்பிடுவோம்."